முதுகு ஊசிக்குப் பயமேன்?

கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏரியில் படகு விட்டதைச் சொல்வார்கள். கோக்கர்ஸ் வாக்கில் குளிருக்கு நடுங்கிக்கொண்டே நடந்ததைச் சொல்வார்கள். தூண் பாறையைப் பார்க்கப் போன சமயம் பார்த்து மேகம் வந்து மூடிக்கொண்டதைச் சொல்லி அங்கலாய்ப்பார்கள். வட்டக்கானலில் இறங்கி, 'டால்பின் மூக்கு' என்ற பாறையின் நுனியில் நின்று படம் பிடித்துக்கொண்டதைப் பெருமையோடு காட்டுவார்கள். ஆனால் அந்தப் பாறைப் பக்கமிருந்து இன்னும் கீழே, காட்டுக்குள் இறங்கிப் போகிறதே ஓர் ஒற்றையடிப் பாதை, அது எங்கே போகிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

அது வெள்ளகவிக்குப் போகிறது.

பழனி மலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கிராமம் அது. மேலே வட்டக்கானல், கீழே கும்பக்கரை அருவி, அதற்கப்பால் பெரியகுளம். நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகள். காப்பி, மிளகு, ஆரஞ்சு, எலுமிச்சை விளையும் தோட்டங்கள். ஊர் முழுவதும் கோயில்கள். அதனால் ஊர் எல்லைக்குள் யாரும் காலில் செருப்புப் போடுவதில்லை. ஊரே கோயில் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. பல தலைமுறைகளாக மோட்டார் வண்டி எட்டிப் பார்க்காத ஊர் அது. அரிசி மூட்டையானாலும் சரி, காப்பிக்கொட்டை மூட்டையானாலும் சரி, குதிரை முதுகு அல்லது மனிதன் தலை.

நிறைமாதப் பெண்ணுக்கு வலி கண்டால்?

டோலிதான். ஒரு நீண்ட கம்பு, அதில் தூளிபோலக் கட்டிய ஒரு கம்பளி. அதற்குள் அந்தப் பெண். முன்னே இரண்டு பேர், பின்னே இரண்டு பேர் தோள் கொடுப்பார்கள். தோள் மாற்றிக்கொள்ள இன்னும் சிலர் கூடவே ஓடி வருவார்கள். கல்லிலும் வேரிலும் கால் வைத்து, ஏறினால் வட்டக்கானல், இறங்கினால் பெரியகுளத்துச் சமவெளி. இருட்டிலும் மழையிலும் இப்படி எத்தனை பெண்களை அந்தப் பாதை பார்த்திருக்கும்!

இந்தக் கதை நமக்கெதற்கு, நாம் சென்னையிலோ மதுரையிலோ இருக்கிறோமே என்று நினைக்கிறீர்களா? டோலியில் ஏறும் அந்தப் பெண்ணுக்கும், வாடகைக் காரில் ஏறும் உங்களுக்கும், 'குழந்தையை ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும்' என்று டாக்டர் சொல்லிவிட்டால், போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். அதே மேஜை, முதுகில் அதே ஊசி, அந்த ஊசிக்குள்ளே பெரும்பாலும் அதே மருந்து. இரண்டு மில்லிக்கு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். ஒரு தேக்கரண்டியில் பாதிகூட இல்லை!

அந்தப் பாதித் தேக்கரண்டியைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

மயக்கமா, மரப்பா?

சிசேரியன் ஆபரேஷனுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முழு மயக்கம்: தாய் தூங்கிப்போவாள், விழிக்கும்போது குழந்தை தொட்டிலில் இருக்கும். மற்றொன்று, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது. தாய் விழித்திருப்பாள், குழந்தையின் முதல் அழுகையைத் தன் காதாலேயே கேட்பாள்.

முதல் வழிதான் சுகம் என்று பலர் நினைக்கிறார்கள். 'எனக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கட்டும், டாக்டர்' என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் கர்ப்பிணிக்கு முழு மயக்கத்தில் ஒரு தனி அபாயம் இருக்கிறது. நிறைமாத வயிற்றில் உண்ட உணவு சுலபமாக மேலேறி வரும். மயங்கிக் கிடப்பவளுக்கு இருமி வெளியே தள்ளத் தெரியாது. அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 1946-ல் மெண்டல்சன் என்ற அமெரிக்க டாக்டர் இதை விவரமாக எழுதிய பிறகு, பிரசவ ஆபரேஷன் என்றாலே வயிறு காலியாக இருக்கிறதா என்று டாக்டர்கள் முதலில் கேட்க ஆரம்பித்தார்கள். மேலும், கர்ப்பிணியின் தொண்டை வீங்கியிருப்பதால் மூச்சுக் குழாயைச் செலுத்துவதும் சிரமம்.

முதுகு ஊசியில் இந்தத் தொல்லை இல்லை. தாய் தானே மூச்சு விடுகிறாள், தானே பேசுகிறாள். மருந்தின் அளவோ மிகச் சிறிது. ஆகவே குழந்தைக்குப் போய்ச் சேருவது இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆபரேஷன் முடிந்த முதல் மணி நேரத்திலேயே பால் கொடுக்கத் தடையில்லை. அதனால்தான் அவசரமோ வேறு தடையோ இல்லாத சிசேரியனுக்கு உலகெங்கும் இப்போது முதுகு ஊசியே முதல் தேர்வு.

தலைவலியில் பிறந்த வைத்தியம்

இதைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது.

ஜெர்மனியில் கீல் என்ற ஊரில் ஆகஸ்ட் பியர் என்றொரு சர்ஜன் இருந்தார். தென்னமெரிக்கக் கோக்கா இலையிலிருந்து எடுத்த கொக்கெயின், பட்ட இடத்தை மரக்கச் செய்யும் என்பது 1884-லேயே தெரிந்துவிட்டது. அதைச் சொட்டு விட்டுக் கண் ஆபரேஷன் செய்தார்கள். கண் மரக்கும் என்றால் முதுகுத்தண்டு நரம்புகள் மரக்காதா என்று பியர் யோசித்தார். 1898 ஆகஸ்டில் நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார். வலியில்லை, ஆனால் பிறகு தலைவலி, வாந்தி. இது எதனால் என்று அறிய, தம் முதுகிலேயே ஊசி போடும்படி தம் உதவியாளர் ஹில்டபிராண்டிடம் சொன்னார்.

ஊசி இறங்கிவிட்டது. ஆனால் ஊசிக்கும் மருந்துக் குழலுக்கும் பொருத்தமில்லை! மருந்து வெளியே சிந்தியது. முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீரும் ஒழுகியது. உடனே உதவியாளர், "என் முதுகில் போடுங்கள்" என்று திரும்பி உட்கார்ந்தார். இந்த முறை மருந்து சரியாகப் போயிற்று. காலில் குத்திப் பார்த்தார் பியர், தெரியவில்லை. சுருட்டு நெருப்பை வைத்தார், தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியால் தட்டினார், அப்போதும் தெரியவில்லை! இருவரும் மகிழ்ந்துபோய் அன்றிரவு விருந்துண்டார்கள். மறுநாள் முதல் பியருக்குத் தலைவலி. எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் தணியும். ஒன்பது நாள் அப்படிக் கிடந்தார்.

ஓட்டை வழியே நீர் ஒழுகுவதுதான் இந்தத் தலைவலிக்குக் காரணம். இன்றைக்கும் நூற்றில் ஓரிருவருக்கு வரலாம். முன்னெல்லாம் இன்னும் அதிகம். ஊசி மெல்லியதாக ஆக ஆக அது குறைந்தது. வெட்டும் முனைக்குப் பதில் பென்சில் முனை போன்ற ஊசி 1951-ல் வந்தது. அது தண்டின் உறையை அறுக்காமல் நார்களை விலக்கிக்கொண்டு போவதால் தலைவலி மேலும் குறைந்தது.

பியரின் பரிசோதனை நடந்து இரண்டு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. 1900-ல் ஸ்விட்ஜர்லாந்தில் பாஸெல் நகரத்து டாக்டர் கிரைஸ், பிரசவ வலியில் துடித்த ஆறு பெண்களுக்கு இதே ஊசியைப் போட்டு வலியைத் தணித்துவிட்டார்.

அடுப்பின் பெயரில் ஒரு மருந்து

கொக்கெயின் நல்ல மருந்தா? இல்லை. அது விஷம், பழக்கத்தில் அடிமையாக்கும். ஆகவே ரசாயன சாஸ்திரிகள் மாற்று மருந்து தேடினார்கள். 1904-ல் பிரான்சில் பூர்னோ என்பவர் ஒன்றைச் செய்தார். பிரெஞ்சு மொழியில் 'பூர்னோ' என்றால் அடுப்பு. இங்கிலீஷில் அடுப்புக்கு 'ஸ்டவ்' அல்லவா? அதனால் மருந்துக்கு 'ஸ்டோவெயின்' என்று பெயர் வைத்துவிட்டார்! நம் சமையலறை ஸ்டவ் வைத்திய சாஸ்திரத்தில் இடம் பிடித்தது இப்படித்தான்.

அந்த ஸ்டோவெயினை வைத்துக்கொண்டு லண்டனில் பார்க்கர் என்ற சர்ஜன் 1907-ல் ஒரு காரியம் செய்தார். மருந்தில் குளுகோஸ் சர்க்கரையைக் கலந்தார். ஏன்? பாயசத்தில் நெய் மிதக்கிறது. கரையாத சர்க்கரை அடியில் தங்குகிறது. கனமானது தாழும். முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீரைவிட மருந்து கனமாக இருந்தால், மேஜையைச் சாய்த்து அதை வேண்டிய திசையில் ஓடவிடலாம் அல்லவா? முதுகெலும்பு போலவே வளைத்த ஒரு கண்ணாடிக் குழாயைச் செய்து, மருந்து எப்படி ஓடுகிறது என்று அவர் கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்டார். இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் 'ஹெவி' என்று சொல்லிப் போடுகிறார்களே, அது இந்தச் சர்க்கரை கலந்த கனத்த மருந்துதான்.

ஒரு வழக்கும் ஒரு பயமும்

'முதுகு ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்' என்ற பயம் சும்மா பிறக்கவில்லை. அதற்கும் ஒரு கதை உண்டு.

1947 அக்டோபரில் இங்கிலாந்தில் செஸ்டர்பீல்டு நகர ஆஸ்பத்திரியில் இரண்டு தொழிலாளிகளுக்கு ஒரே நாளில் முதுகு ஊசி போட்டுச் சிறிய ஆபரேஷன்கள் செய்தார்கள். இருவர் கால்களும் நிரந்தரமாகச் செயலிழந்தன. மருந்தின் பெயர் சிங்கோகெயின். வழக்கு 1953-ல் கோர்ட்டுக்கு வந்தது. மருந்துக் குப்பிகளைக் கிருமிநாசினியில் ஊறப் போட்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே அது உள்ளே கசிந்துவிட்டது என்று கோர்ட்டில் முடிவாயிற்று. ஊசிகளைக் கொதிக்கவைத்த பாத்திரத்தில் தங்கிப்போன அமிலமே காரணமாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் வேறு சில நிபுணர்கள் எழுதினார்கள். எப்படியானாலும் ஒன்று தெளிவு: குற்றம் மருந்தினுடையதல்ல, அதைக் கையாண்ட விதத்தினுடையது.

ஆனாலும் பயம் பரவிவிட்டது. இங்கிலாந்தில் பல வருஷம் முதுகு ஊசிக்குக் கிராக்கியே இல்லை. 1954-ல் அமெரிக்காவில் டிரிப்ஸ், வாண்டம் என்ற இரு டாக்டர்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட முதுகு ஊசிகளைத் தொடர்ந்து கவனித்து, பெரிய நரம்புச் சேதம் எதையும் காணவில்லை என்று எழுதினார்கள். நம்பிக்கை மெல்லத் திரும்பியது. இப்போது குப்பிகளும் ஊசிகளும் தொழிற்சாலையிலேயே கிருமி நீக்கப்பட்டு, ஒருவருக்கு ஒன்று என்று உறை பிரித்து எடுக்கப்படுகின்றன.

இன்னொரு விஷயம். முதுகுத்தண்டு நரம்புக் கயிறு இடுப்பெலும்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே. அங்கே இருப்பவை நீரில் மிதக்கும் தனித்தனி நரம்பு இழைகள். 'தண்டிலேயே குத்துகிறார்கள்' என்று நினைத்துக் கலங்க வேண்டாம்.

நான்கு மருந்துகள்

சரி, இன்றைக்கு அந்தக் குப்பியில் என்ன இருக்கிறது? நான்கு பெயர்களைச் சொல்கிறோம். பெயர்கள் வாயில் நுழையாவிட்டாலும் குணங்கள் சுலபமாகப் புரியும்.

முதலாவது லிக்னோகெயின். 1943-ல் ஸ்வீடன் தேசத்தில் லோப்கிரென் என்பவரும் அவருடைய சகாவும் உண்டாக்கியது. பல் பிடுங்கும்போது ஈறில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? அதேதான். இது சுறுசுறுப்பானது, சில நிமிஷத்தில் வேலை செய்யும். ஆனால் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் கிளம்பிவிடும். முதல் சிசேரியன் முக்கால் மணியில் முடியலாம். இரண்டாவது, மூன்றாவது சிசேரியனில் பழைய தழும்பு ஒட்டிக்கொண்டிருந்தால்? தையல் முடிவதற்குள் மருந்து விடைபெற்றுக்கொண்டால் என்ன செய்வது! போதாக்குறைக்கு, இதை முதுகில் போட்டுக்கொண்ட சிலருக்கு மறுநாள் பிட்டத்திலும் தொடையிலும் வலி வந்து ஓரிரு நாள் இருப்பது 1990-களில் தெரிய வந்தது. ஆகவே முதுகு ஊசியில் இதன் செல்வாக்குக் குறைந்துவிட்டது.

இரண்டாவது புபிவகெயின். இதுவும் ஸ்வீடன் சரக்கு, 1957-ல் பிறந்தது. ஐந்து நிமிஷத்தில் கால் கனக்கும். பத்து நிமிஷத்தில் ஆபரேஷனுக்குத் தயார். ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி வரை தாக்குப் பிடிக்கும். முழு உணர்ச்சி திரும்ப இன்னும் ஓரிரு மணி ஆகும். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் சிசேரியனுக்குப் பெரும்பாலும் போடுவது இந்த மருந்தின் 'ஹெவி' வகைதான். விலையும் மலிவு.

அப்படியானால் மூன்றாவதும் நான்காவதும் எதற்கு வந்தன? புபிவகெயினுக்கு ஒரு குறை உண்டு. தவறிப்போய் ரத்தக் குழாயில் பெரிய அளவில் புகுந்துவிட்டால் இதயத்தை நிறுத்திவிடும். 1979-ல் அமெரிக்க நிபுணர் ஆல்பிரைட் இதை எடுத்துச் சொன்னார். ஆராய்ந்து பார்த்ததில் ஓர் அதிசயம் தெரிந்தது. அந்த மருந்தில் இரண்டு வகைத் துகள்கள் இருக்கின்றன. வலது கையும் இடது கையும் போல. பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் ஒரு கைக்குத் தைத்த உறை மற்றதற்குப் பொருந்தாது. இதயத்தை அதிகம் வாட்டுவது 'வலது கை'. அதை நீக்கி, 'இடது கை'யை மட்டும் வைத்துக்கொண்டதுதான் லெவோபுபிவகெயின். அதே யோசனையில் பிறந்த இன்னொன்று ரோபிவகெயின். இரண்டும் 1990-களின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்தன.

ரோபிவகெயினுக்கு வீரியம் சற்றுக் குறைவு. அதிக மில்லிகிராம் போட வேண்டும். ஆனால் காலுக்குச் சீக்கிரம் பலம் திரும்பும். தாய் சீக்கிரம் எழுந்து நடக்கலாம். லெவோபுபிவகெயின் பெரும்பாலும் புபிவகெயினைப் போலவே வேலை செய்கிறது. காலின் மரப்பு சற்றுக் குறைவாக இருக்கலாம்.

'அப்படியென்றால் புதிய மருந்துதானே உசத்தி? அதையே எழுதிக் கொடுக்கச் சொல்லலாமே!' என்று அவசரப்படாதீர்கள். இதயத்துக்கு அபாயம் என்றது நூறு மில்லிகிராமும் அதற்கு மேலும் போகும்போது. சிசேரியன் முதுகு ஊசியில் போடுவதோ எட்டிலிருந்து பன்னிரண்டு மில்லிகிராம்! புதிய மருந்துகளின் பெரிய அனுகூலம் இந்தச் சிறிய அளவில் ஏறக்குறைய மறைந்துபோகிறது. எஞ்சி நிற்கும் கேள்வி கடிகாரம்தான்: ஆபரேஷன் முடியும் வரை மருந்து நிற்குமா? அந்தக் கேள்விக்குப் புபிவகெயின் நிதானமாகத் தலையாட்டுகிறது. அதனால்தான் அறுபது வருஷம் ஆகியும் அதற்கு ஓய்வு கிடைக்கவில்லை.

உப்பைப் போல

மருந்து எது என்பதைவிட அளவு எவ்வளவு என்பதுதான் கைத்திறமை. சமையலில் உப்பைப் போல.

அளவு கூடினால் மரப்பு உறுதியாக இருக்கும். ஆனால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் மெல்லிய நரம்புகளும் சேர்ந்து மரத்துவிடுவதே காரணம். தாய்க்குக் குமட்டும், தலை சுற்றும். குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். அளவு குறைந்தால் அழுத்தம் நிலையாக இருக்கும். ஆனால் ஆபரேஷன் நடுவிலேயே வலி எட்டிப் பார்க்கலாம். இதற்குத்தான் சிறிது பெண்டானில் என்ற வலிநிவாரணியைச் சேர்த்து, மரப்பு மருந்தை மட்டாக வைக்கிறார்கள். அழுத்தம் இறங்கினால் ஏற்ற மருந்து தயாராக இருக்கும். வயிற்றின் கனம் பெரிய ரத்தக் குழாயை அழுத்தாமல் இருக்க, தாயை இடப்பக்கம் சற்றுச் சாய்த்துப் படுக்கவைப்பார்கள். 'ஏன் இப்படிக் கோணலாகப் படுக்கவைக்கிறார்கள்?' என்று கேட்காதீர்கள், அது குழந்தைக்காக.

கர்ப்பிணிக்கு மற்றவர்களைவிடக் குறைந்த அளவே போதும் என்பதும் ஒரு விசேஷம்.

மேஜையின் மேல்

உட்காரவைத்தோ ஒருக்களித்துப் படுக்கவைத்தோ, முதுகைப் பூனைபோல வளைக்கச் சொல்வார்கள். சில்லென்று மருந்து துடைப்பார்கள். ஒரு சிறு குத்தல். பிறகு நடப்பது இப்படி இருக்கும்:

"கால் எப்படிம்மா இருக்கு?"

"சூடா இருக்குங்க டாக்டர். கனமாவும் இருக்கு."

"எங்கே, காலைத் தூக்குங்க பார்க்கலாம்."

"வரலைங்களே!"

"வரக்கூடாது. அதுதான் நமக்கு வேணும்!"

பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சாலோ பனிக்கட்டியாலோ தொட்டு, குளிர்ச்சி எதுவரை தெரியவில்லை என்று பார்ப்பார்கள். மார்பு வரை தெரியாவிட்டால்தான் கத்தியை எடுப்பார்கள். தொடுவது தெரியும், இழுப்பது தெரியும், வயிற்றில் யாரோ துணி துவைப்பது போலக்கூட இருக்கும். வலி மட்டும் தெரியக்கூடாது.

இங்கே நம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வலித்தால் சொல்லுங்கள்! 'பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவள் நல்ல பெண் என்று பெயர் வாங்குகிறாள். ஆபரேஷன் மேஜையில் அந்தப் பெயர் வேண்டாம். தலைமாட்டில் மயக்க டாக்டர் உட்கார்ந்திருப்பதே நீங்கள் சொல்வதைக் கேட்கத்தான். வலிக்கு மேல் மருந்து உண்டு. தேவைப்பட்டால் முழு மயக்கமும் உண்டு. உங்களை விழித்திருக்கவைப்பதன் முதல் பலன், உங்களுக்கு வாய் இருக்கிறது என்பதுதான்.

அத்தைப் பாட்டிக்குப் பதில்

"முதுகிலே ஊசி போட்டாளோன்னோ, இனிமே ஆயுசுக்கும் இடுப்பு வலிதான்!" இப்படிச் சொல்லும் அத்தைப் பாட்டி இல்லாத வீடு உண்டா?

ஊசி போட்ட இடம் சில நாள் தொட்டால் வலிக்கும். அது உண்மை. ஆனால் ஆயுசு முழுவதும் வரும் இடுப்பு வலிக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை. முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாமல் பெற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நாள்பட்ட இடுப்பு வலி இரு சாராருக்கும் ஒன்றுபோலவே இருந்தது. கர்ப்ப காலத்தில் இடுப்பு மூட்டுகள் தளர்கின்றன; வயிறு முன்னே இழுக்கிறது; பிறகு கூனிக்கொண்டே பால் கொடுக்கிறோம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே குனிந்து கோலம் போடுகிறோம். இத்தனையும் செய்துவிட்டுப் பழியை ஊசியின் மேல் போட்டால் அது பாவம் என்ன செய்யும்!

ஆனால் உட்கார்ந்தால் அதிகமாகி, படுத்தால் தணியும் தலைவலி வந்தால் சும்மா இருக்க வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். வைத்தியம் இருக்கிறது. கால் மரப்பு மறுநாளும் விலகாவிட்டாலும், ஜுரத்தோடு முதுகு வலித்தாலும் உடனே சொல்லுங்கள்.

முன்னதாகவே டாக்டரிடம் சொல்ல வேண்டியவையும் உண்டு. ரத்தம் உறையாத கோளாறு, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை, இதய நோய், முதுகில் பழைய ஆபரேஷன், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமை, இவற்றை மறைக்காதீர்கள். ரத்தப் பெருக்கு அதிகமான பெண்ணுக்கும், நிமிஷக் கணக்கில் குழந்தையை எடுத்தாக வேண்டிய சமயத்திலும் முழு மயக்கமே உதவும். கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, என்ன என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். 'பிரசவத்துக்குப் போகிற பெண் வெறும் வயிற்றோடு போகலாமா' என்று கிளம்பும்போது தயிர் சாதம் ஊட்டிவிடும் பாசம் இங்கே உதவாது.

டோலியின் கடிகாரம்

இப்போது மறுபடியும் வெள்ளகவிக்கு வருவோம்.

2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியன். இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 21.5 தான். நம்மைப் போன்ற நகரத்துக் குடும்பங்களில், 'இது அவசியம்தானா?' என்று கேட்க வேண்டிய நிலை. மலை மேலேயோ, அவசியமான ஒருத்திக்கு அது நேரத்தில் கிடைக்குமா என்பதே கேள்வி. ஒரே மாநிலத்தில் ஒரு பக்கம் மிகுதி. ஒரு பக்கம் ஏக்கம்.

கொடைக்கானலோடு சம்பந்தப்பட்ட ஒரு பெண்மணியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. திண்டிவனத்தில் மிஷனரிப் பெற்றோர் வீட்டுக்கு வந்திருந்த இளம்பெண் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் துடிக்கும் தங்கள் மனைவியருக்கு உதவ வரும்படி அவரை அழைத்தார்கள். அவர் டாக்டரல்ல, டாக்டரான தந்தையை அழைத்துப் போகச் சொன்னார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று அவர்கள் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அந்த இரவுதான் அவரை டாக்டராக்கியது. 1900-ல் திரும்பி வந்து வேலூரில் ஆரம்பித்த வைத்தியம் பெரிய ஆஸ்பத்திரியாகவும், பெண்களுக்கான வைத்தியப் பள்ளியாகவும் வளர்ந்தது. முதுமையைக் கொடைக்கானலில் கழித்து, 1960 மே மாதத்தில் அங்கேயே அவர் கண் மூடினார்.

அந்த மூன்று பெண்களைக் கொன்றது மருந்தில்லாமை அல்ல. வாசற்படியைத் தாண்ட முடியாமை. வெள்ளகவியில் அந்த வாசற்படி மலையாக நின்றது.

வழிகள் இல்லாமலில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 'சீமாங்' என்று சொல்லும் அவசரப் பிரசவப் பிரிவுகள் இரவும் பகலும் இயங்குகின்றன. 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. சாலை உள்ள மட்டும். மயக்க மருந்து நிபுணர்கள் போதாத இடங்களுக்காகச் சாதாரண டாக்டர்களுக்கே முதுகு ஊசியும் உயிர்காப்பும் சொல்லிக்கொடுக்கும் 18 வாரப் பயிற்சியை மத்திய அரசாங்கம் வகுத்தது. மலைப் பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'பிரசவக் காத்திருப்பு அறை' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நாள் நெருங்கும்போதே பெண் கீழே வந்து தங்கிவிடலாம். டோலியை வலி வருவதற்கு முன்பே எடுப்பது என்பதுதான் இதன் சாரம். பழைய நாளில் தாய்வீட்டுக்கு முன்கூட்டியே அழைத்துப் போனார்களே, அந்த வழக்கத்தில் இருந்த புத்திசாலித்தனம் இதுவே.

உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணோ, தோட்டக்காரர் மகளோ தூரத்து மலையூரிலிருந்து வந்தவளானால், 'நாள் எப்போது? ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவாய்?' என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

நல்ல டாக்டர் கையில் புபிவகெயின் ஐந்து நிமிஷத்தில் வேலையைத் தொடங்கி, இரண்டு மணி நேரம் காவல் நிற்கும். ஒரு நூற்றாண்டு உழைத்து மனிதன் அந்த மருந்தின் கடிகாரத்தைச் சரியாக முடுக்கிவிட்டான். டோலியின் கடிகாரம் மட்டும் இன்னும் மனிதர் தோளில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்றால், அந்தக் குறை ஊசியில் இல்லை, பாதையில் இருக்கிறது.

அடுத்த முறை டால்பின் மூக்குப் பாறையில் நிற்கும்போது, அந்த ஒற்றையடிப் பாதையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.